புதுப்பிப்பு: கைபேசியில் வடிவியல் – கெட்டுப்போன படம்தான் உதவியது

பிள்ளைகள் இருவரிடமும் கைபேசியைக் கொடுத்து, வீட்டிலுள்ள வடிவங்களைப் படம் எடுக்கச் சொன்னதாகப் போன மாதம் இதே இழையில் எழுதியிருந்தேன். பிறகு என்ன ஆனது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

முக்கோண வேட்டை இரண்டே நாளில் சலித்துவிட்டது. அதை இழுத்துக்கொண்டே போனது என் தவறு.

திருப்பம் வேறொரு படத்தில் வந்தது. மகள் தரையில் உட்கார்ந்து, கதவை அண்ணாந்து எடுத்திருந்தாள். "அப்பா, கதவு மேலே குறுகிவிட்டது. அழித்துவிடவா?" நான் விடவில்லை. அச்சிட்டு அளந்தோம்: கீழ்ப்பக்கம் 6 செ.மீ., மேல்பக்கம் 4 செ.மீ. செவ்வகம் சரிவகமாகிவிட்டது! பக்கக் கோடுகளை அவளே நீட்டினாள்; தாளுக்கு வெளியே, மேசைமேல் போய்ச் சந்தித்தன. பிறகு கைபேசியைக் கதவுக்கு நேர் இணையாகப் பிடித்து எடுத்தாள். நான்கு செங்கோணங்களும் திரும்பி வந்துவிட்டன. ஆவணங்களை ஸ்கேன் செய்யும் செயலி, சாய்ந்த தாளை நிமிர்த்துவதும் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுத்தான் என்றதும் அரைமணி நேரம் கைபேசி எனக்குக் கிடைக்கவில்லை.

மகனுக்கு மரத்தின் உயரம் வேண்டுமாம். 30 செ.மீ. அளவுகோலை மரத்தடியில் நிறுத்தாமல் கேமராவுக்கு அருகில் பிடித்துவிட்டான். படத்தில் அளவுகோல் 3 செ.மீ., மரம் 12 செ.மீ. கணக்குப்படி மரம் 120 செ.மீ. "என்னைவிடக் குட்டையா?" என்று முறைத்தான். அளவுகோலை எங்கே வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாளை மறுபடி எடுக்கப் போகிறான்.