தௌலதாபாத் இருட்டில் ஒரு பாட்டி

செஞ்சிக் கோட்டை ஏறியது, திருமயம் கோட்டை ஏறியது எல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். என் பங்குக்குக் கொஞ்சம் வடக்கே போகிறேன்.

எல்லோரா பார்க்கத்தான் நானும் தம்பியும் கிளம்பினோம். ஔரங்காபாத்திலிருந்து, அதாவது இன்றைய சத்ரபதி சம்பாஜிநகரிலிருந்து, போகும் வழியில் சுமார் 15 கிலோமீட்டரில் தௌலதாபாத் கோட்டை. "ஒரு மணி நேரம் பாத்துட்டுக் கிளம்பிடலாம்" என்றான் தம்பி. நாலு மணி நேரம் ஆனது. எல்லோராவை மறுநாளைக்குத் தள்ளிவிட்டோம்.

யாராவது இஷ்டத்துக்கு உத்தரவு போட்டால் துக்ளக் தர்பார் என்போமே, அந்த டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக் 1327-இல் டெல்லியிலிருந்து தலைநகரை மாற்றிக்கொண்டு வந்தது இங்கேதான். அதற்கு முன் இது யாதவ மன்னர்களின் தேவகிரி. 1311-இல் மதுரை வரை படையெடுத்து வந்த டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை வழியில் தங்கிப் புறப்பட்ட ஊரும் இதுவே. நான் மதுரைக்காரன், டிக்கெட் வாங்கும்போதே லேசாக ஒரு உறுத்தல்.

ஆனால் அடிவாரத்தில் நின்று குன்றை அண்ணாந்து பார்த்தால் துக்ளக் மேல் பாதிக் கோபம் போய்விடுகிறது. குன்றின் கீழ்ப்பாகத்தைச் சுற்றிலும் சுவர் போலச் செங்குத்தாகச் செதுக்கியிருக்கிறார்கள். உடும்புகூட வழுக்கி விழும். அதையொட்டிப் பாறையிலேயே வெட்டிய அகழி, தாண்டுவதற்கு ஒடுக்கமாக ஒரு பாலம். பாலம் தாண்டினால் மேலே போகும் வழி மலையின் வயிற்றுக்குள் நுழைகிறது. இப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் பைத்தியமில்லை. டெல்லி ஜனங்களையும் மூட்டை கட்டச் சொன்னாரே, அங்கேதான் புத்தி பிசகிவிட்டது.

சாந்த் மினார் கோபுரம், பீரங்கிகள் எல்லாம் எல்லார் போட்டோவிலும் இருக்கும். கோல்கொண்டாவின் கடைசி சுல்தான் தானா ஷாவை ஔரங்கசீப் அடைத்து வைத்த சீனி மஹாலில் நீல ஓடுகள் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதைத் தவற விடாதீர்கள்.

சரி, அந்த இருட்டுப் பாதை. 'அந்தேரி' என்கிறார்கள். தம்பி முன்னால் போய்விட்டான். என் போனில் 4 சதவீதம் சார்ஜ். வெளவால் எச்ச நெடி மூக்கில் ஏறுகிறது. படிகள் ஒன்று உயரம், ஒன்று குட்டை. முன்னால் ஒரு குடும்பத்தோடு போன வழிகாட்டி, எதிரி வெளிச்சம் தெரிகிற பக்கமாக ஓடினால் நேரே அகழியில் விழுவான் என்று இந்தியில் சொல்லிவிட்டு, சட்டென்று டார்ச்சை அணைத்தார். குழந்தைகள் வீறிட, தலைக்கு மேல் படபடவென்று சிறகுகள். இந்தக் கோட்டைச் சிறைக்குழிகளில் பூனையைவிடப் பெரிய எலிகள் இருந்ததாக துக்ளக் காலத்தில் இந்தியா வந்த பயணி இப்னு பதூதா எழுதியிருக்கிறார். அது அந்த நேரத்திலா ஞாபகத்துக்கு வர வேண்டும்? கால் நகரவில்லை.

அப்போது சொரசொரப்பான ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. கத்தியே விட்டேன். "சாவ்காஷ், பாளா, சாவ்காஷ்" என்றது குரல். மெதுவா வாப்பா என்று அர்த்தம். ஒன்பது கஜம் புடவைக் கச்சத்தில் ஒரு மராட்டியப் பாட்டி, எழுபது வயதாவது இருக்கும், செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலால் படியைத் தடவித் தடவி என்னை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வெளிச்சத்துக்கு வந்ததும் எந்த ஊர் என்று சைகையில் கேட்டார். மதுரை என்றேன். "மீனாட்சி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். முடிச்சை அவிழ்த்து பாக்ரி ரொட்டியில் பாதியும் தேச்சா என்கிற மிளகாய்த் துவையலும் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, காரத்தில்.

தம்பி அதற்குள் உச்சிக்குப் போய் பாரதரி மண்டபத்தில் நின்று கையாட்டினான். இன்னும் ஏகப்பட்ட படி பாக்கி. பாட்டி எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.