1 யோவான் 5:7 பழைய மொழிபெயர்ப்பில் இருக்கு, திருவிவிலியத்தில் காணோமே?

நாசரேத்காரன்:
வீட்டு ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமா வாசிச்சிட்டு வந்தோம். என் முறை வந்தப்போ, "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி"ன்னு வாசிச்சேன். கத்தோலிக்க மச்சான் ஒருத்தர், "எங்க புத்தகத்துல இது இல்லையே"ன்னு காட்டினார். அதில் ஆவி, நீர், இரத்தம் மட்டும்தான். யார் வெட்டினது? கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்மஸ் சவால் விட்டுத் தோற்றுப்போய் இதைச் சேர்த்தார்னும் யூடியூபில் ஒரு கதை ஓடுது. உண்மையா?

பழையஏடு:
யாரும் வெட்டல தம்பி. பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வரி அது. செமினரியில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்த காலத்திலேயே என்னிடம் அதிகம் சண்டைக்கு வந்த வசனம் இதுதான்.

4-ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. லத்தீனிலேயே 546-ஐ ஒட்டி எழுதிய ஃபுல்டா பிரதியில் இல்லை. 4-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஸ்பெயின் ஆயர் பிரிஸ்கில்லியன் தரப்பு எழுத்தில்தான் தெளிவாகத் தலைகாட்டுகிறது.

எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் சேர்க்கவில்லை. ஏச்சு கிளம்பியது. பிறகு ஒரு கிரேக்கப் பிரதியைக் காட்டினார்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது, 16-ஆம் நூற்றாண்டில் எழுதியது. 1522-இல் சேர்த்தார். தன்மேல் பழிபோட இடம் தரக்கூடாது என்பதே அவர் சொன்ன காரணம். "ஒரு பிரதி காட்டு, சேர்க்கிறேன்" என்று வாக்குக் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை. டச்சு அறிஞர் டி யோங்கே 1980-இலேயே இதை அலசிவிட்டார். வசனத்துக்குப் பழைய பிரதி கேட்கிறவர்கள் இந்தக் கதைக்கும் கேட்டிருக்கலாம்!

1550-இல் ஸ்தெபானுஸின் கிரேக்கப் பதிப்பு, 1611-இல் கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பு என்று அச்சில் தொடர்ந்தது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அந்த வழியில் வந்ததுதான்.

நாசரேத்காரன்:
நன்றி ஐயா. அப்போ திரித்துவத்துக்கே ஆதாரம் போச்சேன்னு அப்பா கேக்கிறார்.

பழையஏடு:
போகவில்லை. குமாரன் பிதாவுக்குச் சமமல்ல என்ற ஆரியுஸ் தரப்போடு மல்லுக்கட்டிய கிரேக்கப் பிதாக்கள் எவருமே இந்த வசனத்தை எடுத்துக்காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் சும்மா விட்டிருப்பார்களா? இது இல்லாமலேதான் 325-இல் நிசேயா சங்கமும் 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கமும் நடந்தன. ரோமாபுரியே 1897-இல், இதைச் சந்தேகிப்பது சரியல்ல என்ற தொனியில் தீர்ப்புச் சொல்லி, 1927-இல்தான் ஆய்வாளர்களுக்கு வழிவிட்டது.

சத்தியக்காவலன்:
221-ஆம் எண் கிரேக்கப் பிரதி 10-ஆம் நூற்றாண்டு. அதில் இந்த வசனம் இருக்கே. அதை ஏன் சொல்லல?

பழையஏடு:
சொல்கிறேன் சகோதரரே. பிரதி 10-ஆம் நூற்றாண்டுதான். வரி இருப்பது ஓரத்தில், பிற்காலக் கையெழுத்தில். பாட்டன் பத்திரத்தின் ஓரத்தில் பேரன் பேனாவால் எழுதினால் அதற்குப் பத்திரத்தின் வயதா?

டப்ளின் பிரதியையே எடுங்கள். கிரேக்கத்தில் 'பிதா', 'வார்த்தை' இவற்றுக்கு முன் 'ஹோ' என்ற சுட்டு (ஆங்கில 'the' போல) வரவேண்டும். அங்கே இல்லை. லத்தீனில் அப்படியொரு சொல்லே கிடையாது. அதைப் பார்த்துக் கிரேக்கமாக்கியவர் கோட்டைவிட்டிருக்கிறார். வத்திக்கானில் 629-ஆம் எண் பிரதி, 14-ஆம் நூற்றாண்டு, ஒரு பத்தி லத்தீன், பக்கத்துப் பத்தி கிரேக்கம். அங்கேயும் லத்தீனுக்கு ஏற்றபடிதான் கிரேக்கத்தைத் திருத்தியிருக்கிறார்கள். உங்களிடம் வேறு எண் இருந்தால் போடுங்கள், பார்க்கலாம்.