மோபி டிக்: எந்த அத்தியாயங்களைத் தாண்டலாம்?

ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ (1851) நாவலில் நடுவழியில் சிக்கி நிற்கிறேன். ஆங்கில மூலம், சுருக்காத பதிப்பு, கிண்டிலில் இரவு நேரத்தில் படிக்கிறேன். பரீட்சைக்கு இல்லை, சும்மா ஆசைக்குத்தான்.

நியூ பெட்ஃபோர்டு துறைமுக ஊர் விடுதியில் கதைசொல்லி இஷ்மேலும் ஈட்டி எறியும் குவீக்வெக்கும் ஒரே கட்டிலில் படுக்க நேரும் பகுதி அபாரம், சிரித்துக்கொண்டே படித்தேன். அவர்கள் ஏறிய திமிங்கில வேட்டைக் கப்பல் நான்டக்கெட் தீவை விட்டுக் கிளம்பியதும் வேகம் போய்விட்டது. 32ஆம் அத்தியாயம் முழுக்கத் திமிங்கில வகைகள். 36இல் கேப்டன் ஆகாப், வெள்ளைத் திமிங்கிலத்தை முதலில் காண்பவருக்குப் பரிசென்று பாய்மரத்தில் தங்கக் காசை ஆணியடிக்கும்போது சூடு பிடித்தது. சரி, இனி ஓடும் என்று பார்த்தால், 42இல் வெள்ளை நிறத்தைப் பற்றி நீண்ட யோசனை! இப்போது 55. திமிங்கிலப் படங்களைப் பற்றி மட்டுமே தொடர்ந்து மூன்று அத்தியாயங்கள். இங்கேதான் தூக்கம் சொக்குகிறது.

ஒலிப்புத்தகம் போட்டுப் பார்த்தேன், கவனம் சிதறுகிறது. தினம் ஒரே அத்தியாயம் என்று வைத்தால் கதை மறந்துபோகிறது. சுருக்கப் பதிப்பும் புரட்டினேன். மெல்வில்லின் குறும்பே அதில் இல்லை, அதனால் அது வேண்டாம்.

மொத்தம் 135 அத்தியாயங்கள். முழுதாகப் படித்தவர்கள் சொல்லுங்கள்: 55க்குப் பிறகு எவற்றைத் தாண்டினாலும் கதை கெடாது?