புதுப்பிப்பு: போனோ ப்ரீஆம்பில் இரைச்சலும் கரகரப்பும்

போன பதிவில் கேட்டிருந்தது: இசைத்தட்டுப் பிரியர்களுக்குக் கையால் செய்து விற்கும் போனோ ப்ரீஆம்ப் (டர்ன்டேபிள் ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டி) ஏன் இரைகிறது, மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைப் பக்கம் போன பெட்டிகள் ஏன் மாரியில் கரகரக்கின்றன?

முதலில் இரைச்சலின் சுருதியைப் பிரித்துக் கேளுங்கள். 50 ஹேர்ட்ஸ் என்றால் ட்ரான்ஸ்ஃபோமரின் காந்தப்புலம், அல்லது டர்ன்டேபிளின் எர்த் வயர் கழன்றிருக்கும். 100 ஹேர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் பகுதி) பக்கம்: முதல் ஃபில்டர் கப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் பாதையிலேயே சிக்னல் கிரவுண்டும் (ஒலிச் சிக்னலின் பொது வயர்) ஓடுகிறது. சிக்னல் கிரவுண்டை ரெகுலேட்டருக்கு (வோல்டேஜை நிலையாக வைக்கும் பகுதி) பிறகு எடுங்கள், அடங்கும்.

டொராய்டின் (வளைய வடிவ ட்ரான்ஸ்ஃபோமர்) நடு போல்ட் அடித்தட்டில் இருக்கட்டும், மறுநுனி உலோக மூடியில் படவே கூடாது. பட்டால் போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ட்ரான்ஸ்ஃபோமரில் ஷோர்ட் ஆன ஒரு கம்பிச் சுற்றுப் போல ஆகிவிடும்; பியூஸ் போகும், ட்ரான்ஸ்ஃபோமரும் எரியலாம். தபாலில் மூடி நசுங்கினாலும் இதேதான், அதனால் தாராளமாக இடைவெளி விடுங்கள்.

கரகரப்புக்கு முக்கிய காரணம் பலகையில் கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸ் (சோல்டர் ஒட்ட உதவும் பசை). உப்புக் காற்றின் ஈரத்தைப் பிடித்து, டர்ன்டேபிள் சிக்னல் வரும் 47 கிலோ ஓம் உள்ளீட்டைச் சுற்றிக் கசியவிடும். ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் கழுவி, முழுதாகக் காயவைத்து, ஆர்சிஏ சொக்கெட், சுவிட்ச் எல்லாவற்றையும் டேப்பால் மூடியபின் பலகையில் ஈரம் புகாமல் காக்கும் அக்ரிலிக் பூச்சு அடியுங்கள். ஈரத்தோடு அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபடும்.