தோட்டத்து இன்ட்ராநெட்டை ஆட்கள் தாங்களாகவே திறக்க வேண்டுமென்றால் முகப்பில் எதை வைப்பது?

தெலுக்_இந்தான்_கிராணி

வணக்கம். மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமும் அதோடு சேர்ந்த ஆலையும். மொத்தம் 240 பேர். கம்பெனி ஈமெயில் இருப்பது 35 பேருக்கு மட்டும். மைக்ரோசாப்டின் ஷேர்பாயிண்டில் ஏற்கனவே ஓர் இன்ட்ராநெட் (கம்பெனி ஆட்களுக்கு மட்டுமான உள் தளம்) இருக்கிறது: மேலே நாலு படம் மாறி மாறி ஓடும், அதன் கீழே துரையின் (தோட்ட மேலாளர்) செய்தி, அதற்கும் கீழே பிரிவுகளின் பெயர்கள். ஆபீஸ் ஆட்களே அதைத் திறப்பதில்லை. எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் ஓடுகிறது.

மூன்று மாதத்தில் புதிதாகச் செய்யச் சொல்லி தலைமையகத்திலிருந்து உத்தரவு. முகப்பில் என்ன வைப்பது, லாகினை எப்படி அமைப்பது, தமிழ், மலாய் இரண்டையும் எப்படிச் சமாளிப்பது? லயத்து (வேலையாட்கள் குடியிருப்பு) பக்கம் போன் சிக்னலும் சுமார்தான்.

---

செக்ரோல்

வடிவமைப்பைத் தொடுவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஆபீஸ் கவுண்டரில் வந்து கேட்கும் கேள்வி, போனில் கேட்பது, வாட்ஸ்அப்பில் கேட்பது எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கோடு. பெயர் வேண்டாம், கேள்வி மட்டும். இரண்டு வாரத்தில் சம்பளநாள் ஒன்று கட்டாயம் வர வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பாகிவிடும். அதிகம் கோடு விழுந்த ஆறேழு கேள்விகள்தான் உங்கள் முகப்பு. மீதி எல்லாம் உள்ளே போகட்டும்.

பெரும்பாலும் வருவது இவைதான்: பேஸ்லிப், மீதி லீவு, ஓவர்டைம் கணக்கு, எந்த கிளினிக்குக்குப் போகலாம், எந்தெந்தப் பொது விடுமுறை, பிப்ரவரியில் இ.ஏ. பாரம் (வருமான வரிக்கான ஆண்டுச் சம்பள அறிக்கை). விதியை எழுதி வைத்தால் போதாது. ஆண்டு லீவு இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 8 நாள், ஐந்து ஆண்டுக்குள் 12, அதற்கு மேல் 16 என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்வதைப் பக்கத்தில் போட்டால் யாரும் திரும்ப வரமாட்டார்கள். "உங்களுக்கு இன்னும் 5 நாள் இருக்கிறது" என்று காட்டினால் வருவார்கள்.

தோட்டத்துக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது, தலைமையகத்து ஆட்களுக்கு இது தோன்றாது. குலை வெட்டுகிறவருக்கு நேற்று தன் பெயரில் எத்தனை குலை ஏறியது, எத்தனை பழுக்காத காய் என்று கழித்தார்கள், உதிரிப்பழம் எவ்வளவு என்பதுதான் முதல் கவலை. அது அப்படியே சம்பளத்தில் விழுகிறது. மாதக் கடைசியில் ஆபீஸில் நடக்கும் தகராறில் பாதி, 12-ஆம் தேதிக் கணக்கை 30-ஆம் தேதி பார்ப்பதால் வருவது. மண்டோர் (ஆட்களின் மேற்பார்வையாளர்) புத்தகத்தை அன்றன்று மாலையே ஏற்றி, மறுநாள் பெரட்டுக்கு (காலையில் ஆட்கள் கூடும் கணக்கெடுப்பு) முன் ஒவ்வொருவரும் தன் எண்ணைப் பார்க்க முடிந்தால், இன்ட்ராநெட்டுக்கு விளம்பரமே தேவையில்லை.

ஆனால் மூன்று எச்சரிக்கை. எல்லார் கணக்கையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள், சண்டைதான் வரும். பொதுவில் அந்தந்தத் தோட்டப் பகுதியின் மொத்தம் மட்டும், சொந்தக் கணக்கு லாகினுக்கு உள்ளே. இரண்டாவது, "நேற்று மாலை 6 மணி வரை" என்று நேரத்தைப் போட்டே காட்டுங்கள். மூன்று நாள் பழைய எண்ணைத் தேதி இல்லாமல் ஒருமுறை காட்டிவிட்டால் அதற்குப் பிறகு சரியான எண்ணையும் நம்பமாட்டார்கள். மூன்றாவது, கணக்குத் தப்பு என்றால் யாரிடம், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது அதே திரையில் இருக்கட்டும். தினமும் ஏற்ற ஆள் இல்லையென்றால் இந்தப் பகுதியைத் தொடங்கவே வேண்டாம்.

ஓடுகிற படங்களை எடுத்துவிடுங்கள். கேமராவிலிருந்து நேராக ஏற்றிய படம் 3 எம்.பி. என்றால் நாலும் 12 எம்.பி.; நொடிக்கு 1 மெகாபிட் கிடைக்கும் லயத்தில் அது இறங்கவே ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். முகப்பில் நீங்கள் சேர்க்கும் படங்கள் எல்லாம் சேர்ந்து 500 கே.பி.க்குள் இருந்தால் நாலு நொடி. ஷேர்பாயிண்ட் தன் பங்குக்கு இழுப்பது தனி, அதை நாம் குறைக்க முடியாது.

பிரிவின் பெயரை மெனுவில் வைக்காதீர்கள். "மனிதவள மேம்பாடு" என்பதற்குள் பேஸ்லிப் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. சம்பளம், லீவு, கிளினிக், பாரங்கள், பாதுகாப்பு, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் 40 சீட்டில் பக்கங்களின் பெயர்களை எழுதி ஆட்களிடம் கொடுத்து, எதோடு எது சேரும் என்று பிரிக்கச் சொல்லுங்கள். இதற்கு 15 பேர் வேண்டும் என்று இணையதளப் பயன்பாட்டு நிபுணர் ஜேகப் நீல்சன் 2004-இல் எழுதினார். செய்து முடித்ததைச் சோதிக்க 5 பேர் போதும் என்பதும் அவர் சொன்னதே, அது 2000-இல். அந்த 5 பேரில் ஆபீஸ் ஆள் ஒருவருக்கு மேல் வேண்டாம். அவரவர் போனிலேயே, "உங்கள் மீதி லீவு எத்தனை, கண்டுபிடியுங்கள்" என்று கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் தப்பு நீங்கள் வைத்த பெயரில். அவர்மேல் இல்லை.

---

ஆலை_ஐடி

செக்ரோல் சொன்னது எல்லாம் சரி, ஆனால் லாகினில் தோற்றால் முகப்பு எப்படி இருந்தும் பயனில்லை.

ஈமெயில் இல்லாதவர்களுக்கு மைக்ரோசாப்ட் 365-இன் களப்பணியாளர் லைசென்ஸான எஃப்1 அல்லது எஃப்3 எடுங்கள், இரண்டிலும் ஷேர்பாயிண்ட் பார்க்க முடியும். மைக்ரோசாப்டின் லாகின் சேவையான எண்ட்ராவில் போன் எண்ணும் எஸ்.எம்.எஸ். குறியீடும் வைத்து நுழையும் வசதி இருக்கிறது. 14 எழுத்து பாஸ்வேர்டைக் காட்டு வேலைக்காரர் தலையில் கட்டாதீர்கள். இதில் ஒரே வில்லங்கம் பிரீபெய்ட் சிம். ஆள் எண்ணை மாற்றினால் குறியீடு பழைய எண்ணுக்குப் போகும். அந்த எண் வேறொருவர் கைக்குப் போயிருந்தால் இன்னும் மோசம். அதனால் எண் மாற்றும் அதிகாரம் தோட்ட ஆபீஸிலேயே இருக்க வேண்டும். "மை ஸ்டாஃப்" என்ற பக்கம் அதற்குத்தான்: தோட்டத்து ஆட்களை ஒரு நிர்வாகக் குழுவாகப் பிரித்து, கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) ஒருவருக்கு அந்தக் குழுவின் போன் எண்ணையும் பாஸ்வேர்டையும் மாற்றும் உரிமையை மட்டும் தலைமையக ஐ.டி. கொடுக்கலாம். ஐ.சி. (அடையாள அட்டை) அல்லது பாஸ்போர்ட்டை நேரில் பார்க்காமல் எண்ணை மாற்றக் கூடாது என்பதை எழுத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் மாட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

விடுமுறைப் பட்டியல், கிளினிக் பட்டியல் போன்றவற்றுக்கு லாகினே தேவையில்லை. ஷேர்பாயிண்ட் பக்கத்தை லாகின் இல்லாமல் காட்ட முடியாது, ஆனால் கோப்புக்குப் பொது இணைப்பு கொடுக்கலாம், தலைமையகம் அதைத் தடுத்து வைத்திருக்காவிட்டால். அந்த இணைப்புக்குக் கியூ.ஆர். போட்டு பெரட்டுக்களத்தில் ஒட்டுங்கள். தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் என்பது கணக்கு. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று ஸ்கேன் செய்ய 15 சென்டிமீட்டர் சதுரம். கூரைக்குக் கீழே, மினுமினுக்காத லேமினேட். விளக்கு வெளிச்சம் பளபளத்தால் விடியற்காலையில் போன் படிக்காது. கோப்பை மாற்றும்போது அதே இடத்தில் அதே கோப்பின் மேல் ஏற்றுங்கள். அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் இணைப்பு செத்துவிடும், ஒட்டிய கியூ.ஆர். அத்தனையும் குப்பை.

---

தெலுக்_இந்தான்_கிராணி

நன்றி அண்ணே. இரண்டு சந்தேகம். பேஸ்லிப் பி.டி.எஃப்.ஐ இப்போது மண்டோர் குழுவில் போட்டு, அவர் ஆட்களுக்கு அனுப்புகிறார். அதை ஷேர்பாயிண்டில் ஆளுக்கொரு ஃபோல்டராக வைத்தால் போதுமா? அடுத்து, துரையின் செய்தியை எல்லாரும் படித்தே ஆக வேண்டும், லாகின் செய்ததும் திரையில் குதிக்க வேண்டும் என்கிறார்கள்.

---

ஆலை_ஐடி

குழுவில் போடுவதை இந்த மாதமே நிறுத்துங்கள், தளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அதில் ஐ.சி. எண், சம்பளம், பல இடங்களில் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழே வரும் விஷயம் இது. 2024-இல் அதைத் திருத்தினார்கள். 2025 ஜூன் 1 முதல் கசிவு நடந்தால் ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமையும் வந்துவிட்டது.

ஆளுக்கொரு ஃபோல்டர் வேண்டாம். 240 ஃபோல்டர், 240 தனி அனுமதி. சம்பளம் போடுகிற அவசரத்தில் ஒரு கோப்பு பக்கத்து ஃபோல்டரில் விழுந்தால் அவர் பார்த்துவிட்டுச் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. சம்பள மென்பொருளிலேயே ஊழியர் தானே பார்க்கும் பக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலானவற்றில் இருக்கும். இன்ட்ராநெட்டில் அதற்கு ஒரு பொத்தான் போதும். இல்லாவிட்டால் அச்சடித்து உறையில் கொடுப்பதே மேல்.

---

எழுத்துரு

மொழி, தேடல் இரண்டையும் யாரும் தொடவில்லை.

பழைய தமிழ்ச் சுற்றறிக்கைகளை அப்படியே ஏற்றாதீர்கள். யூனிகோடுக்கு முந்திய டிஸ்கி போன்ற குறியீட்டில் அடித்தவை உங்கள் கணினியில் நன்றாகத் தெரியும், போனில் வெறும் கிறுக்கலாக வரும், தேடலுக்கும் அகப்படாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். இன்னொரு தொல்லை. உள்ளே இருப்பது படம் என்பதால் கோப்பின் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும், அந்தப் பெயரோ "ஸ்கேன்0047". முக்கியமான பத்து சுற்றறிக்கையைப் பக்கத்திலேயே தட்டச்சு செய்துவிடுங்கள்.

ஒரே பக்கத்தில் தமிழும் மலாயும் அடுத்தடுத்து வேண்டாம். போனில் தமிழ் வர ஐந்து முறை தள்ள வேண்டியிருக்கும். தனித்தனிப் பக்கம், மேலே மாற்று இணைப்பு. எல்லாவற்றையும் மொழிபெயர்க்கப் போனால் ஆறு மாதத்தில் தமிழ்ப் பக்கம் பழையதாகிவிடும், பழைய தகவல் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது நல்லது. முகப்பு, சம்பளம், லீவு, கிளினிக், மருந்தடிப்பு, பாதுகாப்பு இவை மட்டும். தமிழிலும் வாயில் வருகிற சொல்லையே போடுங்கள். ஊழியர் சேமநிதி என்று தலைப்பு வைத்தாலும் பக்கத்தின் அடியில் ஒரு வரி: ஈ.பி.எஃப்., கே.டபிள்யூ.எஸ்.பி., சேமநிதி. சம்பளப் பக்கத்தில் பேஸ்லிப், மலாய்ச் சொற்களான காஜி, ஸ்லிப் காஜி. தேடல் தானாக இவற்றை இணைத்துப் பார்க்காது. மாதம் ஒருமுறை "முடிவு இல்லாத தேடல்கள்" அறிக்கையை எடுத்துப் பாருங்கள், ஆட்கள் எந்தச் சொல்லில் தேடித் தோற்றார்கள் என்று தெரியும். அந்தச் சொல்லை உரிய பக்கத்தில் சேர்ப்பது பத்து நிமிட வேலை.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொறுப்பாளர் யார், கடைசியாகச் சரிபார்த்த தேதி எது. பொறுப்பாளர் ஆளின் பெயரில் இல்லாமல் பதவியின் பெயரில் இருக்கட்டும், ஆள் மாற்றலாகிப் போனால் பக்கம் அநாதையாகிவிடக் கூடாது.

---

செக்ரோல்

துரையின் செய்திக்கு: குதிக்கிற திரையை ஆட்கள் படிக்காமலே மூடக் கற்றுக்கொள்வார்கள், பிறகு உண்மையான அவசரச் செய்தியையும் அப்படியே மூடுவார்கள். பாதுகாப்பு அறிவிப்பு என்றால் பெரட்டில் வாய்விட்டுப் படித்து கையெழுத்து வாங்குவதுதான் வழி, அதன் நகல் தளத்தில் இருக்கட்டும். மற்றதெல்லாம் இரண்டு வரி, பேஸ்லிப் பொத்தானுக்கு நேர் கீழே. சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போட வேண்டும் என்பதால் 5 முதல் 8 வரைதான் கூட்டம் அதிகம். துரைக்குச் சொல்ல வேண்டியதை அந்த நாலு நாளில் மாற்றச் சொல்லுங்கள். தளத்தைத் திருத்தும் வேலையை மட்டும் அந்த நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவை மூட முயலாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். அறிவிப்பைப் படமாகப் போடாமல் ஒரு வரியும் இணைப்பும் மட்டும் போடச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு 240 பேரையும் ஒன்றாக இழுக்க வேண்டாம். முதல் மாதம் நோட்டும் சீட்டும், இரண்டாவது மாதம் ஒரே ஒரு டிவிஷன், ஒரு மண்டோரின் ஆட்கள். கவுண்டரில் அதே கேள்விகளுக்கு மறுபடி கோடு போட்டு எண்ணுங்கள். கோடு குறையாமல் அடுத்த டிவிஷனுக்குப் போகாதீர்கள்.