தாத்தாவின் வங்கிப் பங்குப் பத்திரம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். தாத்தாவின் தகரப் பெட்டியில், பட்டு வேட்டிக்கு அடியில், பழைய வங்கிப் பங்குப் பத்திரம் ஒன்று கிடைத்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தாலும் பங்கு எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. 1969 ஜூலையில் அரசுடைமையாக்கப்பட்ட 14 வங்கிகளில் அதுவும் ஒன்று.

1970 பிப்ரவரியில், வங்கிப் பங்குதாரரான கூப்பர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்த அரசுடைமைச் சட்டத்தை ரத்து செய்தது. நிறுவனத்தின் சொத்து பங்குதாரருடையது அல்ல. ஆனால் தன் சொந்த உரிமை பாதிக்கப்பட்டால் அவர் வழக்குத் தொடுக்கலாம் என்றது. சில நாள்களிலேயே அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து வங்கிகளை மீண்டும் எடுத்துக்கொண்டது. (அந்த வேகம் வேறு எதில் உண்டு!)

வங்கிகளை எடுத்துக்கொண்டதற்கான இழப்பீடு, அவற்றை முன்பு நடத்திய பழைய வங்கி நிறுவனங்களுக்குத்தான் போனது. அங்கிருந்து பங்குதாரர் கைக்கு எப்படி வந்தது? நிறுவனப் பதிவாளர் அலுவலகத்தில் எந்தப் பெயரில் தேட வேண்டும்? பணம் வரும் என்ற ஆசை எனக்கில்லை, அம்மாவுக்குத்தான் இருக்கிறது.