கொழுப்புப் பரவலா, கொழுப்பு இடவமைவா?

அன்புடையீர், வணக்கம்.

உடலில் கொழுப்பு எங்கெங்கே எவ்வளவு சேர்ந்துள்ளது என்பதை (ஆங்கிலத்தில் fat distribution) தமிழில் குறிக்க நண்பர் முன்மொழிந்த 'கொழுப்புப் பரவல்' என்னும் சொல், உடற்கூற்று நூலுக்குப் பொருந்தலாம். தீநுண்மி (வைரஸ்) நோயைப் பற்றிய கட்டுரைக்குப் பொருந்தாது. 2020க்குப் பிறகு 'பரவல்' என்றாலே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது என்றே வாசகர் கொள்வர். 'பங்கீடு' என்றால் ரேஷன் கடை நினைவுக்கு வருகிறது. 'கொழுப்பிருப்பு' அழகிய சொல்தான். ஆயினும் பேரேடு எழுதிப் பழகிய எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் இருப்பு என்பது தொகை. இங்கோ தொகையைவிட இடமே பேசுபொருள்.

தோலடிக் கொழுப்பைக் காட்டிலும், வயிற்றறைக்குள் குடலைத் தாங்கும் சவ்விலும் குடலுக்கு முன்னே திரைபோல் தொங்கும் மடிப்பிலும் படியும் கொழுப்பு, இன்டர்லூக்கின்-6 முதலிய அழற்சிப் புரதங்களை மிகுதியாகச் சுரக்கிறது. அங்கிருந்து வடியும் குருதியும் நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. போதாக்குறைக்கு, மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியின் உதரவிதானத்தை அந்தக் கொழுப்பு மேலே தள்ளுவதால் நுரையீரலின் அடிப்பகுதி முழுமையாக விரிவதில்லை. 2009ஆம் ஆண்டின் இன்புளுயன்சா பெருந்தொற்றில் உடற்பருமனே இடர்க்காரணியாகப் பேசப்பட்டது. கோவிட்-19 காலத்தில் சிடி ஸ்கேன் படங்களைக் கொண்டு செய்த பல ஆய்வுகள், இந்த உட்கொழுப்பு மிகுந்தவர்களுக்குத் தீவிர சிகிச்சை கூடுதலாகத் தேவைப்பட்டதைக் காட்டின. எடை குறைவாயிருந்தும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் இயல்பு தெற்காசியரிடம் மிகுதி. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று நமக்குத் தனி வரம்பு வைத்திருப்பதும் அதனால்தான்.

அந்த உட்கொழுப்புக்கு வழங்கும் 'உள்ளுறுப்புக் கொழுப்பு' என்ற பெயரிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அது உறுப்புக்குள் படிந்த கொழுப்பு என்று பொருள்பட்டு, கொழுப்புக் கல்லீரலோடு குழம்புகிறது. நிணம் என்றால் கொழுப்பு என்பதால் 'உள்நிணம்' பழந்தமிழ் மணம் உடையதே. ஆனால் நிணநீர் என்பது ஏற்கெனவே 'லிம்ப்' (lymph) என்னும் வேறோர் உடல்நீருக்குப் பெயராகிவிட்டது. ஆட்டுக்குடலை அலசும் எங்கள் ஆச்சிமார், குடலோடு ஒட்டிவரும் கொழுப்பையும் தோலையொட்டிய கொழுப்பையும் ஒன்றென்று எண்ணுவதில்லை. ஆகவே 'குடல்சூழ் கொழுப்பு' என்பது என் பரிந்துரை.

முதலில் பேசிய 'கொழுப்புப் பரவல்' என்பதற்கு மாற்றாக 'கொழுப்பு இடவமைவு' எனலாம். "எடை ஒன்றாக இருப்பினும் கொழுப்பு இடவமைவு வேறுபட்டால் நோயின் கடுமையும் வேறுபடலாம்" என்று எழுதிப் பார்த்தேன். தொடர் தடையின்றி ஓடுகிறது. 'கொழுப்பிடவமைவு' என்று புணர்த்தால் வாய் தடுக்குவதால், பிரித்தே அச்சிட விரும்புகிறேன். மறுப்புடையோர் மாற்றுச் சொல்லை இதே தொடரில் பொருத்திக் காட்டுமாறு வேண்டுகிறேன்.